முழங்காலில் நின்ற பிள்ளை

என் மகள் நொண்டி நடப்பதை எங்கள் தெருவே சேர்ந்து கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததோடு நிற்காமல் பாராட்டவும் செய்தது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தாங்க முடியாதது அந்தப் பாராட்டுதான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நாங்கள் தூத்துக்குடியில் பழைய துறைமுகத்தை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளின் புழுதி நாள் முழுக்க வீட்டுக்குள் வந்து படியும். என் வீட்டுக்காரர் தோணியில் சுக்கான் பிடிப்பவர். கொழும்புக்கும் கொச்சிக்கும் சரக்கோடு போனால் எப்போது திரும்புவார் என்று காற்றைத்தான் கேட்க வேண்டும். கடல் கெட்டிருக்கும் மாதங்களில்தான் அவர் வீட்டில் இருப்பார். மற்ற மாதங்களில் நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்தான். மூத்தவள் பெண், ஏழு வயது. இளையவன் தவழ்ந்து முடித்து நடக்கத் தொடங்கியிருந்தான்.

அந்த வருஷம் அவளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்குக் கோயிலில் சாயங்காலம் வகுப்பு நடக்கும். மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்து மந்திரங்களும் பத்துக் கட்டளையும் கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையும் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். செபம் சொல்லும்போது மட்டும் முழங்காலில் நிற்க வேண்டும். சொல்லி முடித்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிடுவார்கள். என் மகள் மட்டும் உட்காராமல் வகுப்பு முடியும்வரை முழங்காலிலேயே நிற்பாள். நெஞ்சை முன்னே நீட்டி, முதுகை உள்ளே வளைத்து, முகத்தை நிமிர்த்தி நிற்பாள்.

ஒருநாள் அவளைக் கூப்பிடப் போனபோது சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இந்தப் பிள்ளையைப் பாத்து மத்த பிள்ளைங்க படிக்கணும். முதுகு எப்படி நிமிர்ந்திருக்கு பாருங்க, சம்மனசு மாதிரி. இது சொல்லிக்கொடுத்து வர்றது இல்லை, தாய் வயித்துலயே வாங்கிட்டு வர்றது."

தேவதூதர் மாதிரி என்று சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். என் வயிற்றில் பிறந்ததைப் பற்றி மடத்துச் சிஸ்டர் இப்படிச் சொன்னால் எந்தத் தாய் சந்தோஷப்பட மாட்டாள்? வீட்டிலும் அவள் அப்படித்தான். பொழுது சாய்ந்ததும் குத்துவிளக்கு ஏற்றிச் செபமாலை சொல்வோம். முதல் பத்து மணி முடிந்ததும் நானே உட்கார்ந்துவிடுவேன். அவள் ஐம்பது மணியும் முழங்காலில் நிற்பாள்.

"உக்காருளா, கால் நோவும்" என்பேன்.

"வேண்டாம்மா, நான் இப்படியே நின்னுக்கிடுதேன்."

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை. கோயிலைச் சுற்றி மணலில் ஒவ்வொரு தலமாக முழங்கால் போட வேண்டும். அந்த நாட்களில்தான் அவள் நடையில் ஒரு தடுமாற்றம் தெரிந்தது. வலது காலை ஊன்றியதும் நெருப்பில் வைத்தது போலச் சட்டென்று எடுத்து இடது காலுக்கு மாறிவிடுவாள். கேட்டால், "முட்டி வலிக்கும்மா" என்று வலது முழங்காலைக் காட்டுவாள். முழங்காலில் மணல் உரசிக் கறுத்த தழும்பு வேறு இருந்தது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? தெருவில் எல்லாருக்கும் அது விளங்கிவிட்டது.

"ஏளா, உன் மவ மடத்துக்குத்தான் போவா" என்றாள் அடுத்த வீட்டு அக்காள். "இப்பவே ஒரு வெள்ளைச் சேலை எடுத்து வச்சிரு. எம் பிள்ளைக்கும் முட்டுல தழும்பு இருக்கு, அது சுவரேறிக் குதிச்சது."

கூடப் படிக்கிற பயல்கள் மட்டும், "நொண்டிச் சாமியாரம்மா! நொண்டிச் சாமியாரம்மா!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வருவார்கள். அவள் திரும்பி நின்று, "போங்கல, பத்துக் கட்டளையில பாதி தெரியாது, வந்துட்டானுவ" என்பாள். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லாத பிள்ளை.

நான் வேப்பெண்ணெய் காய்ச்சி முழங்காலில் தேய்த்துவிட்டேன். துணி சுற்றிக் கட்டினேன். மாதாவுக்குத் தகட்டில் செய்த ஒரு கால் வாங்கி, முழங்காலுக்கு நேரே ஒரு நீலக் கயிறு கட்டிக் காணிக்கை வைத்தேன்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்த வாரம் தோணி வந்தது. அப்பாவைப் பார்க்க அவள் கரைக்கு ஓடினாள். ஓடினாள் என்றா சொல்வது, விந்தி விந்திப் போனாள். அவர் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏளா, பிள்ளை என்ன இப்படி நடக்கா? சரக்கு ஒருபக்கம் சரிஞ்ச தோணி மாதிரில்லா வாரா."

"முட்டங்கால் போட்டுப் போட்டு முட்டி தேஞ்சிருக்கு" என்றேன்.

"தேயுததுக்கு அது என்ன ரப்பர் செருப்பா?"

மறுநாளே எங்கள் பக்கத்து டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் முழங்காலை அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "முட்டி நல்லா இருக்கு. எலும்புல ஒரு குறையும் இல்லை. வளர்ற வயசு. கொஞ்ச நாளைக்கு முழங்கால் போட வேண்டாம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நாங்கள் காட்டிய இடத்தை அவர் பார்த்தார், பிள்ளையும் அந்த இடத்தைத்தான் காட்டினாள்.

அன்று மாலை செபமாலைக்கு அவளை உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றாள். என் வீட்டுக்காரர் அவள் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைக்கப் பார்த்தார். அவள் அழுத அழுகையில் அவர் கையை எடுத்துவிட்டார். உட்கார்ந்து செபித்தால் ஆண்டவர் கேட்கமாட்டார் என்று பயப்படுகிறாள் என நினைத்தோம். இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்தாயே என்று அன்றைக்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு குறைந்தது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். மத்தியானம் தூங்கும்போது திடீரென்று வீறிட்டு எழுந்து தொடையைப் பிடித்துக்கொள்வாள். என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறுபடி டாக்டரிடம் போனோம், மறுபடியும் முழங்காலைப் படம் எடுத்தார். இந்த முறை அந்தப் படத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் பிடிபடலை. பாளையங்கோட்டையில எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்கார். தாமதிக்காம போங்க" என்றார்.

அந்த எலும்பு டாக்டர் நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். நான் முழங்கால் கதையைத் தொடங்கியதும், "இருங்கம்மா, முதல்ல பிள்ளையைப் பார்ப்போம்" என்று கையைக் காட்டினார். முழங்காலைத் தொடவே இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகச் சொல்லி, செருப்பைக் கழற்றச் சொல்லி, நீளமான வராந்தாவில் அவளை நடக்கவிட்டார். போகும்போது பின்னாலிருந்து பார்த்தார். வரும்போது முன்னாலிருந்து பார்த்தார். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டார். நானும் கேட்டேன். ஒரு அடி நிதானமாக விழுந்தது, அடுத்தது அவசரமாக. இத்தனை நாள் வீட்டுக்குள் கேட்ட சத்தம்தான்.

பிறகு ஒரு காலில் நிற்கச் சொன்னார். இடது காலில் நன்றாக நின்றாள். வலது காலில் நின்றபோது இடுப்பு மறுபக்கம் சரிந்து விழப்போனாள், அவர் பிடித்துக்கொண்டார்.

மேசையில் மல்லாத்திப் படுக்கவைத்தார். அவள் முதுகுக்கும் மேசைக்கும் நடுவில் கையை நுழைத்தார். ஒரு கை தாராளமாக உள்ளே போயிற்று. பிறகு நல்ல காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து மெதுவாக அமுக்கினார். முதுகு மேசையில் படிந்தது. அதேநேரம், யாரும் தொடாமலே, அந்த வலது தொடை தானாக மேசையை விட்டு மேலே எழும்பி நின்றது.

என் வீட்டுக்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். யாரோ கண்ணுக்குத் தெரியாமல் அந்தக் காலைத் தூக்கிப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

"இந்த இடுப்பை முழுசா நீட்ட வராதும்மா" என்றார் டாக்டர். "நீட்ட வராததை மறைக்கத்தான் முதுகை வளைச்சுக்கிடுது." அவள் காலைப் பிடித்து மெல்ல உள்ளே திருப்பிப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தாள். டேப்பு வைத்து இரண்டு தொடையின் சுற்றளவையும் அளந்தார். வலது தொடை மெலிந்திருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய என் கைக்கு அது தெரியவில்லை.

"வலி முட்டியில இல்லையா?" என்று கேட்டேன்.

"வலி முட்டியிலதான் தெரியும். கோளாறு இடுப்பு மூட்டுல. சின்னப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான், இடுப்புல நோய் இருந்தா முட்டியைக் காட்டும். அதனாலதான் முட்டின்னு வர்ற பிள்ளைக்கு நான் இடுப்பை முதல்ல பார்க்கிறது." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "வீட்டுல தரையில சம்மணம் போட்டு உக்காந்து சாப்பிடுறாளா?"

சாப்பிடுவாளே என்று சொல்ல வாயெடுத்தேன். சாப்பிடுவதில்லை. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய்விடுவாள், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு தின்பாள். பாண்டியாட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். கொல்லைக்குப் போனால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

"முட்டங்கால் போட்டுத்தான் நிப்பா" என்றேன். "கோயில்ல, வீட்டுல, எப்பவும். சிஸ்டரே சொல்வாங்க, எவ்வளவு நிமிர்ந்து நிக்கான்னு."

டாக்டர் அவள் பாவாடையை இறக்கிவிட்டார். "உக்கார முடியாது, அதான் நின்னிருக்கா" என்றார். "நல்ல கால் முட்டியில பாரத்தைப் போட்டு, முதுகை வளைச்சு. அவளுக்கு வலி குறைச்சலா இருந்தது அப்படித்தான்."

இடுப்பைப் படம் எடுத்தார்கள். இரண்டு பக்கத்தையும் விரலால் காட்டினார். ஒருபக்கம் எலும்பின் தலை பந்துபோல் உருண்டு அதன் குழியில் இருந்தது. மறுபக்கம் அந்தப் பந்து கரையான் அரித்ததுபோல் இருந்தது, குழிக்கும் பந்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியைக் காணோம். இரத்தம் எடுத்தார்கள், கையில் ஊசி குத்தி இரண்டு நாள் கழித்து வீக்கம் பார்த்தார்கள். டி.பி. என்றார்.

"டி.பி. நெஞ்சுக்குல்லா வரும்? பிள்ளை இருமவே இல்லியே" என்றார் என் வீட்டுக்காரர்.

"எலும்புக்கும் வரும்."

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?"

"அதைக் கேக்காதீங்க" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் விடவில்லை, நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் டாக்டர் சொன்னார்: "எலும்பு அரிக்கிறதுக்கு முன்னால வந்திருந்தா மூட்டு தப்பியிருக்கும். இப்போ பிள்ளையைத் தப்பவைப்போம். காலைப் பத்தி நான் எதுவும் சொல்லமாட்டேன்."

ஊருக்கு வந்ததும் கோயில் வாசலில் தகட்டு உரு விற்கும் அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, இடுப்புக்கு உரு இருக்கா?"

அவர் பலகையில் கையை ஓட்டினார். "கண்ணு இருக்கு, கை இருக்கு, கால் இருக்கு, நெஞ்சு இருக்கு. இடுப்பு யாரும் கேட்டதில்லையே தாயி. வேணும்னா முழுப் பிள்ளையா எடுத்துக்கோயேன், எல்லாம் அதுக்குள்ள வந்துருமே."

முழுப் பிள்ளையை எடுத்தேன். கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தேன். முழுசாகக் கொடுத்துவிட்டால் ஆண்டவர் முழுசாக எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயம் வந்தது. இவள் கால் மட்டும்தான் என் விண்ணப்பம், வேறு எதையும் நான் தரவில்லை என்று மாதாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். செபத்தில் இப்படிப் பேரம் பேசுகிறவளாக நான் ஆவேன் என்று நினைத்ததில்லை.

முதலில் ஆஸ்பத்திரியில் காலில் கயிறு கட்டி, கட்டில் முனையில் கல் தொங்கவிட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். தினமும் ஊசி, மாத்திரை. பிறகு நெஞ்சுக்குக் கீழிருந்து வலது பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வருஷப் புதுநன்மைப் பூசையில் மற்றப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு மெழுகுவர்த்தியோடு போனார்கள். என் பிள்ளைக்குச் சாமியார் வீட்டுக்கே நன்மை கொண்டுவருவதாகச் சொல்லியனுப்பினார். அதற்கு முன்னால் அவள் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

அன்று காலை தலை வாரிவிடும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, சாமிகிட்ட ஒரு பாவம் சொல்லணும். அது பாவம்தானான்னு தெரியல."

"என்ன பாவம்ளா?"

"நான் செபத்துக்காக முட்டங்கால் போடலம்மா. உக்காந்தா வலிக்கும், அதான் போட்டேன். சிஸ்டர் சம்மனசுன்னாங்க, நான் இல்லைன்னு சொல்லல. அது பொய்யில்லா?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைப் படுத்திருந்தபடி கேட்டிருக்கிறாள்.  "அதுவும் செபம்தான்" என்றேன். என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சாமிகிட்டயே கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

சாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நானும் என் வீட்டுக்காரரும் முற்றத்தில் நின்றோம். சாமியார் வெளியே வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அவளும் சொல்லவில்லை. படுத்தபடியே நாக்கை நீட்டி நன்மை வாங்கினாள். அன்று சாயங்காலம் சிஸ்டர் வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, எழுந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் கட்டைப் பிரிக்கும் நாள் வந்தது. என் வீட்டுக்காரர் தோணிக்குப் போகாமல் எங்களோடு வந்தார். பெரிய கத்தரியால் வெட்டி எடுத்தபோது உள்ளேயிருந்த கால் குச்சிபோல் இருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்தார். நோய் அடங்கிவிட்டது, ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். பிறகு அந்தக் காலை மெல்லத் தூக்கினார்.

கால் மட்டும் வரவில்லை. காலோடு சேர்ந்து இடுப்பும், இடுப்போடு சேர்ந்து முதுகும், ஒரே பலகைபோல மேசையை விட்டு எழும்பின.

"வலிக்குதாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"இல்லை டாக்டர்! கொஞ்சங்கூட வலிக்கல!" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "அப்போ நான் பாண்டி ஆடலாமா?"

எங்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். மூட்டு ஒட்டிவிட்டது. இனி வலிக்காது, ஏனென்றால் வலிப்பதற்கு அங்கே அசைவு இல்லை. கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும். நடப்பாள். தரையில் உட்காரவோ குத்தவைக்கவோ முடியாது. வளர்ந்த பிறகு வேண்டுமானால் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளிடம் எப்படிச் சொல்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நீ சொல்லு என்று அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

தூத்துக்குடி பஸ்ஸில் கூட்டம். எனக்கும் அவளுக்கும் ஒரு சீட்டு கிடைத்தது, அவர் பின்னால் நின்றார். அவளைச் சன்னல் பக்கம் உட்காரவைக்க முடியவில்லை, முன்சீட்டு இடித்தது. ஓரத்தில் சரிந்தாற்போல் சாய்த்துவைத்தேன். வலது கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார்.

"ஏ பாப்பா, காலை உள்ள மடக்கு. ஏறுதவங்க தட்டி விழப்போறாங்க."

அவள் மடக்கப் பார்த்தாள். கையால் தொடையைப் பிடித்து இழுத்தாள், ஒட்டிய இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

"என்னம்மா, பிள்ளைக்குச் சொல்லக்கூடாதா?" என்றார் என்னிடம்.

"அது மடங்காதுய்யா" என்றேன்.

முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அந்த மனிதர் காலைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டார். அவள் கையைத் தொடையிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"இப்பதானம்மா கட்டுப் பிரிச்சிருக்கு, அதானே மடங்கல?"

நான் அவள் பாவாடையைக் கீழே இழுத்துச் சரிசெய்தேன்.

"எப்பவுமே மடங்காதாம்மா?"

"ஆமாளா" என்றேன்.

அழுவாள் என்று அவள் தலையை என் பக்கம் சாய்த்துக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் சாயவில்லை. முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் கூடையோடு ஒரு பெண் ஏறினாள். அவள் நெருங்கி வரும்போது என் மகளே சொன்னாள்:

"பாத்து வாங்கக்கா. இந்தக் கால் மடங்காது."

பஸ் கிளம்பியது. நான் முந்தானைக்குள் செபமாலையை எடுத்தேன். ஊர் வந்து சேரும்வரை ஒரே மணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி மந்திரத்துக்கு மேல் சொல்ல என்னால் முடியவில்லை.